முன்னுரிமை ஒன்று

பூந்தா அரேனாஸில் காற்று முறுகும் நாட்களில்
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு கடக்கலாம். பிடிக்காமல் பறக்கலாம்.
நேற்றிரவுப் பணிக்கு அப்படித்தான் வந்தேன்,
ஒரு கையில் கயிறு, ஒரு கையில் சூப் டப்பா.

இரண்டு பதினேழுக்கு
நீரிணைக்கு அடியில் ஒரு கேபிள் செத்தது.
நங்கூரமாக இருக்கலாம். கடல் காரணம் சொல்வதில்லை.
திரையில் சிவப்பு.
நான் டப்பாவின் மூடியைத் திருகி முடிப்பதற்குள்
பச்சை.

அவ்வளவுதான்.
முன்பென்றால் பால்தோவினோ வேனை எடுப்பான்.
புவெர்த்தோ நத்தாலெஸ் வரைக்கும் பனி,
பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்த இரும்புப் பெட்டி,
அதற்குள் ஃபயர்வால்.
அந்தக் காலத்துக்காக நான் ஏங்கவில்லை.
அவனும் இல்லை, முதுகுவலி போய்விட்டது.

இப்போது ஃபயர்வாலுக்கு உடம்பு கிடையாது.
சாந்தியாகோவில் ஒரு சர்வர் மூச்சுத் திணறினால்
கொன்செப்சியோனில் இன்னொன்றில் கண்விழிக்கும்,
கூடு விட்டுக் கூடு பாய்கிற சித்தரைப் போல,
தவம் இல்லாமல், மாத வாடகைக்கு.
ரவுட்டர்களுக்கும் சொந்த புத்தி வேண்டாம் என்றாகிவிட்டது.
நாற்பது பெட்டிகளின் தலையைக் கழற்றி
ஒரே தலையாகச் செய்து வைத்திருக்கிறோம்.
கன்ட்ரோலர்.
தலையிருக்க வால் ஆடாது, சரி.
தலைக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பொழுது போக வேண்டுமே என்று பதிவுகளை வாசித்தேன்.
கேபிள் அறுந்ததும் முதலில் கரையேறியது
போர்வெனீரின் நண்டு ஆலை.
அர்ஜென்டினாவைச் சுற்றிக்கொண்டு புதுப் பாதை,
அந்த நிமிடத்தில் பிறந்த ஒரு ஃபயர்வால்,
கிளவுடின் வாசல் வரை கைபிடித்துக் கொண்டுபோய் விட்டிருக்கிறது.
நான்கு விநாடி.
அதற்குப் பிறகு, பதினோரு விநாடி கழித்து,
மருத்துவமனை.

நண்டு ஆலையை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது.

விதியைத் திறந்தேன். முன்னுரிமை: ஒன்று.
எழுதியவர்: நெவென்கா கோவாசிச்.
நான்தான்.
ஏதோ ஒரு நண்டுப் பருவத்தில்
ஓதில்யா பார்ரியா போனில் போட்ட கூச்சலுக்கு
அப்போதே தட்டிக் கொடுத்தது.
ஏற்றுமதிச் சீட்டு மேலே போகாவிட்டால்
பெட்டியிலேயே சாகும் என்றாள், உயிரோடு ஆயிரம் கிலோ.
பொய் சொல்லவில்லை அவள்.

மேலே என்கிறோம், மேகம் என்கிறோம்.
இந்த ஊரில் மேகத்தைப் பார்த்தவர் எவரும்
அதனிடம் எதையும் பத்திரமாகக் கொடுத்து வைக்க மாட்டார்.

பதினான்கு மாதமாக ஒரு பாக்கெட்கூட நடக்காத பாதை.
வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறோம்.
இது பயிர் போன வயலில்
விடிய விடிய விழித்திருக்கும் வேலி.
திருடனும் வருவதில்லை அதற்கு.

பதினோரு விநாடி. யாரும் புகார் செய்யவில்லை.
ஒரு எக்ஸ்ரே பாதியில் நின்று
மீதியை வரைந்திருக்கும்.
யாருடைய விலா என்று பதிவில் இருக்காது.
தெரிந்தும் தேடினேன்.

எட்டு மணிக்கு ஓதில்யாவை அழைத்தேன்.
அணைக்க வாடிக்கையாளர் சம்மதம் வேண்டும்,
அதுவும் நான் எழுதிய விதி.
அவள் இப்போது படகுக்கரையில் டயர் விற்கிறாளாம்.
"எதைக் காக்கிறது அது?"
"எதையும் இல்லை."
"ஒன்றும் களவு போகவில்லையே?"
"இல்லை."
"என்னிடம் இருந்தவர்களில் அதுதான் நல்ல வேலைக்காரன்"
என்று சிரித்தாள். காற்று அவள் பக்கமும் இரைந்தது.
பிறகு சிரிப்பை நிறுத்தி,
"இவ்வளவு நாளும் பணம் யார் கட்டியது?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு
அந்த வரியை அழித்தேன்.
மருத்துவமனைக்கு எதிரே ஒன்று என்று தட்டினேன்.
எழுதியவர் இடத்தில் தானாகவே
என் பெயர் வந்து நின்றது.

வெளியே கயிற்றைக் கட்டியிருந்தார்கள்.
எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் அதைப் பிடித்தபடி வந்தார்.
நடுத்தெருவில் நேருக்கு நேர் நின்றோம்.
யார் முதலில் கையை எடுப்பது என்று
கயிறு சொல்லவில்லை.